குப்பை கொட்டிய பெரியப்பா

பாலைவனத்தில் குப்பை கொட்டத் தெரிந்த ஒரே மனித இனம் நாம்தான் என்று நமக்கு ரொம்ப நாளாக ஒரு மிதப்பு. நாம் என்றால் ஹோமோ சேப்பியன்ஸ். நமக்கு மூத்த ஹோமோ எரக்டஸுக்கு மூளை சின்னது, ஆறும் மர நிழலும் இல்லாவிட்டால் சுருண்டிருப்பார் என்று பலரும் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாருமே சேப்பியன்ஸ்.

2025 ஜனவரியில் வெளியான ஆய்வு ஒன்று அந்த மிதப்பில் மண் அள்ளிப் போட்டது. மண், தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு மண். (அந்தப் பெயரே காதுக் கோளாறில் பிறந்தது. அங்கே முளைக்கும் ஒரு மருள் செடியை மாசாய் மக்கள் 'ஓல்டுபாய்' என்பார்கள். 1911-இல் வந்த ஜெர்மானிய மருத்துவர் காதில் அது 'ஓல்டுவாய்' என்று விழுந்தது. புத்தகத்தில் ஏறியது அதுதான்.)

அங்கே எங்காஜி நன்யோரி என்ற இடத்தில் தோண்டினால், சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே எரக்டஸ் பெரியப்பா நிஜமாகவே குப்பை கொட்டியிருக்கிறார். தோல் சுரண்டும் கற்கள், விளிம்பில் பல் வெட்டிய கற்கள், வெட்டுத்தடம் பதிந்த விலங்கெலும்புகள். நிழலில் உட்கார்ந்து தின்றாரோ என்று சந்தேகப்பட வேண்டாம். மண்ணிலிருந்த மகரந்தம் காட்டிக்கொடுத்துவிட்டது: அங்கே வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் வறண்ட நிலப் புதர்கள். இடம் அரைப்பாலை.

எப்படிச் சமாளித்தார்? ஆறுகள் கூடுகிற இடமும் தண்ணீர் தேங்குகிற குட்டையும் அவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள் அவருடைய வம்சத்தார். தாகம் எடுத்தால் மானும் அங்கேதானே வந்தாக வேண்டும்? குடிதண்ணீரும் கறியும் ஒரே கடையில். எலும்பிலிருந்து கறியை வழிக்க, கையிலிருக்கும் கல்லையே இன்னும் கொஞ்சம் செதுக்கிக்கொள்வார்.

மே மாதத்தில் தெருமுனைக் கடைக்கு ஆட்டோ பிடிக்கிற நான் இதற்குமேல் அவரை எடைபோடுவது முறையில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா வகையறா பூமியில் காலம் தள்ளியது 15 லட்சம் ஆண்டுக்கு மேல். நாம் வந்து இப்போதுதான் 3 லட்சம் ஆகிறது.