பாயிண்டில் பறக்கும் குடும்பங்கள்

கேள்வி (ஜெயநகர் வாசகர்): கிரெடிட் கார்டு தரும் பாயிண்டும் விமானக் கம்பெனி தரும் மைலும் ஒன்றுதானா?

பதில்: உறவுக்காரர்கள்; ஒரே ஆள் அல்லர். கார்டில் செலவிடப்படும் தொகைக்கு ஏற்ப வங்கி வரவு வைப்பது பாயிண்ட்; தன் விமானத்தில் திரும்பத் திரும்ப ஏறுபவரைத் தக்கவைத்துக்கொள்ள விமான நிறுவனம் அளிப்பது மைல். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்வான்டேஜ் திட்டத்தில் பறந்த தூரமே அளவுகோலாக இருந்தது. இன்று ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பும் இண்டிகோவின் புளூசிப்பும் பயணி கொடுத்த கட்டணத்தைக் கொண்டே கணக்கிடுவதால், தொலைதூரம் பறப்பவரைவிட அதிகம் கொடுப்பவருடனேயே அவை உறவு கொண்டாடுகின்றன. வங்கிப் பாயிண்டை மைலாக மாற்றலாம், ஆனால் மாற்றிய மைலை மறுபடி பாயிண்டாக்க வழியில்லை என்பதால், பெங்களூரின் ஒருவழிச் சாலையில் நுழைவதைப் போல, முன்கூட்டியே யோசித்துத் திரும்ப வேண்டிய இடம் அது.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு வாசகி): அலுவலகச் செலவில் அமெரிக்கா போய்வந்து சேர்ந்த மைலில் மாமனார், மாமியாரைக் காசிக்கு அனுப்புவது தர்மமா?

பதில்: டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது நிறுவனமே ஆனாலும், மைல் வரவாவது பயணியின் பெயரில்தான், தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. மத்திய அரசு ஊழியருக்கு அந்தச் சலுகை கிடையாது. அலுவல் பயணத்தில் சேர்ந்த மைலை அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது நிதி அமைச்சகத்தின் விதி. ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டு, அலுவல் மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் கிரெகோர் கீசி பெர்லின் மாநில அமைச்சர் பதவியிலிருந்தே விலக நேர்ந்தது. காசிக்குப் போவதே பாவம் தொலைக்க என்பதால், போகும் வழியில் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளாதிருக்க, நிறுவன விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்): கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மே மாதம் சிங்கப்பூர். மைலில் முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அந்த மே மாதத்தைப் பற்றி முந்தைய மே மாதமே நினைத்திருக்க வேண்டும். மைலுக்குத் தரப்படும் இருக்கைக்கு அவார்டு சீட் என்று பெயர். பணத்துக்கு விற்காமல் போகக்கூடும் என்று விமான நிறுவனம் கருதும் இருக்கைகளே பெரும்பாலும் அப்படி ஒதுக்கப்படுவதால், கோடை விடுமுறையிலும் தசரா விடுமுறையிலும், அதாவது பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் கிளம்பக்கூடிய நாட்களில்தான், அவை கண்ணில் படுவதில்லை. ஒற்றை ஆளுக்கு எளிதாக அகப்படும் அவார்டு சீட், ஒரே விமானத்தில் நான்கு என்றதும் நழுவிவிடுகிறது. இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். அதற்கான மைலும் பொதுவாகப் பெரியவருக்கு உரிய அளவே, எனவே “பாதி டிக்கெட்” என்ற பழைய ரயில் நினைப்பு இங்கே செல்லாது. வரியும் விமான நிலையக் கட்டணமும் எப்படியும் ரொக்கமாகவே கட்டப்பட வேண்டியவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் 355 நாட்களுக்கு முன்பே இருக்கை தேட முடியும். அந்தத் திட்டத்தின் மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். கணவர் கணக்கில் பாதியும் மனைவி கணக்கில் பாதியுமாக மைல் கிடந்து இரண்டுமே போதாமல் போவது பல வீடுகளில் நடப்பதால், எமிரேட்ஸ், ஏர் இந்தியா போன்றவை குடும்பத்தார் மைலை ஒரே கணக்கில் சேர்க்க அனுமதிக்கின்றன. நான்கு அவார்டு சீட்டுக்காகக் காத்திருப்பதைவிட, இரண்டை மைலிலும் இரண்டைப் பணத்திலும் ஒரே விமானத்தில் எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். யார் எந்த டிக்கெட்டில் என்ற வழக்கை மட்டும் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (இந்திராநகர் வாசகர்): வீட்டு வாடகையைக் கார்டில் கட்டிப் பாயிண்ட் சேர்க்கும் வழியை ஏன் அடைத்துவிட்டார்கள்?

பதில்: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் வேரூன்றிய ஊரில், அந்தப் பணமாவது பாயிண்டாகத் திரும்பட்டும் என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. செயலிகள் சுமார் ஒரு சதவீதக் கட்டணத்துக்கு வாடகையைக் கார்டில் கட்டிக் கொடுத்தன. வங்கிகள் முதலில் வாடகைக்குப் பாயிண்ட் தருவதை நிறுத்தின. பின்னர், 2025 செப்டம்பரில் பணப் பரிவர்த்தனை இடைத்தரகர்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளை அடுத்து, செயலிகள் கார்டில் வாடகை வாங்குவதையே கைவிட்டன. ஓட்டை என்று ஊருக்கே தெரிந்த பிறகு எந்த ஓட்டையும் நெடுநாள் திறந்திருப்பதில்லை. தெரியுமுன் நுழைந்தவர்களில் தலைசிறந்தவர் கலிபோர்னியப் பொறியாளர் டேவிட் பிலிப்ஸ். 1999இல் ஓர் உணவு நிறுவனத்தின் மைல் சலுகையைக் கணக்குப் போட்டுப் பார்த்து, சுமார் 3,000 டாலருக்கு 12,150 கோப்பைப் புட்டிங் வாங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மைல்களைச் சேர்த்தார். புட்டிங்கை அறநிறுவனத்துக்குக் கொடையாக்கி, அதற்கு வரிச்சலுகையும் பெற்றார் என்பதுதான் அந்த மனிதரின் முழுமை.

கேள்வி (மல்லேஸ்வரம் வாசகி): சேர்த்துவைத்த மைல், தங்கம்போல் மதிப்பு ஏறுமா?

பதில்: இறங்கும். எத்தனை மைலுக்கு எந்த டிக்கெட் என்பதை அறிவித்தவர்களே மாற்றலாம். விமான நிறுவனமே மறைந்துவிடுவதும் உண்டு. பெங்களூரில் கேப்டன் கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான் (“சூரரைப் போற்று” படம் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை) கிங்ஃபிஷரில் கரைந்தது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் தரையிறங்கியபோது, அதன் கிங் கிளப் உறுப்பினர்களிடம் மைல் இருந்தது, ஏற விமானம் இல்லை. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றபோது, அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற புதுப்பெயரில் பிழைத்தது. 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்த விஸ்தாராவின் பாயிண்டுகளும் புகுந்த வீட்டுக்கு மாற்றப்பட்டன. பேத்தியின் திருமணத்துக்குச் சேர்க்கத் தக்க பொருள் இதுவன்று.

கேள்வி (கோரமங்களா வாசகர்): பாயிண்டுக்காகக் கார்டு பில்லில் கொஞ்சம் பாக்கி வைத்தால் தவறா?

பதில்: நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் தரும் கார்டில் 50,000 ரூபாய் செலவிட்டால் வரவு 500 ரூபாய். அதே தொகையை ஒரு மாதம் கட்டாமல் விட்டால், மாதம் 3.5 சதவீத வட்டியும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,065 ரூபாய் செலவு. சிங்கப்பூர் போகப்போவது வங்கிதான்.

கேள்வி (ராஜாஜிநகர் வாசகர்): ஆண்டுக்கு இரண்டு முறை மதுரை மட்டுமே போகும் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: விமானக் கார்டில் ஒன்றுமில்லை. ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டின் பாயிண்டை ரயில் டிக்கெட்டுக்கே கழித்துக்கொள்ளலாம். மதுரைக்கு 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. தேவனஹள்ளி விமான நிலையம்வரை போகும் வாடகைக் கார்ச் செலவு முழுவதும் மிச்சம் என்பதை எந்த வங்கியும் விளம்பரம் செய்வதில்லை.

கேள்வி (பனசங்கரி வாசகி): விமான நிலைய லவுஞ்சில் இரண்டு ரூபாய்க்கு இட்லி கிடைக்கிறதாமே?

பதில்: இரண்டு ரூபாய் என்பது கார்டைச் சரிபார்க்கப் பிடிக்கும் தொகை, உண்மையான விலை ஆண்டுக் கட்டணத்திலும், காலாண்டுக்கு இவ்வளவு செலவிட வேண்டும் என்று இப்போது பல வங்கிகள் விதிக்கும் நிபந்தனையிலும் இருக்கிறது. அனுமதியும் பொதுவாகக் கார்டுக்கு உரியவருக்கே. உடன்வருபவர்களுக்குத் தனிக் கட்டணம்.