தலைவராக என்ன தகுதி?

ராஜகுளம் டீக்கடையில் இரண்டு பையன்களுக்குள் தகராறு: எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் எந்த கேம் உசத்தி? 2002-இல் வந்த மாரோவிண்டில், மந்திரவாதிகள் சங்கத்தில் பதவி உயர வித்தை கைவந்திருக்க வேண்டும். 2011-இல் வந்த ஸ்கைரிமிலோ, நாலு மந்திரம் தெரிந்தால் போதும். மந்திரக் கல்லூரிக்கே தலைவராகலாம். வழி விசாரித்து அலையும் வேலையும் இல்லை. அம்புக்குறியே கூட்டிப் போகும்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு மாரோவிண்டு கட்சி. வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த நிலமும் மனையும் வேண்டும். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவினரும் நிற்கக் கூடாது.

"அப்போ இன்னைக்கு நம்ம ஊர்ல எதுண்ணா ஓடுது?" என்றான் சின்னவன்.

"கல்வெட்டைச் சுத்திப் பார்க்க வெச்சிருக்கோம்டா. ஓடுறது ஸ்கைரிம்தான்."