இரும்புக்கை தெரிந்தது, வரைந்த கை தெரியவில்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டிப் பையன்களுக்கு மாயாவி என்றால் ஒருவர்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார். வலது மணிக்கட்டில் பொருத்திய இரும்புக்கை மட்டும் காற்றில் மிதந்து வரும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பழைய இதழ்களுக்கு அட்டை போயிருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். ஒருவனிடம் ‘பாம்புத் தீவு’ இருந்தால் இன்னொருவனிடம் ‘நாச அலைகள்’ இருக்கும். மாற்றிக்கொள்வோம். கடைசிப் பக்கம் கிழிந்த கதைக்கு என் அத்தை மகன் முடிவு சொல்வான். பிறகு முழுப் புத்தகம் கிடைத்தாலும் அவன் சொன்ன முடிவைத்தான் நாங்கள் நம்பினோம்.

எங்கள் பெரிய விவாதம் மின்வெட்டு பற்றியது. கரண்ட் இல்லாத ராத்திரியில் மாயாவி என்ன செய்வார்? உடம்பில் ஏறிய மின்சாரம் தீர்ந்தால் அவர் மறுபடி கண்ணுக்குத் தெரிந்துவிடுவாரே! மறைந்திருக்கும்போதும் அந்தக் கை மறையாது. எதிரிக்குக் குறிபார்க்க அது போதும். இந்தக் குறைதான் கதையின் உயிர் என்று இப்போதும் நினைக்கிறேன். எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலில் வரும் கிரிஃபினுக்கும் இப்படித்தான். சாப்பிட்ட சோறு செரிக்கும்வரை வயிற்றுக்குள் தெரியும். பனி விழுந்தால் உருவம் தெரியும். ஆடையில்லாமல் லண்டன் குளிரில் நடுங்க வேண்டும். சூப்பர்மேனும் 1938இல் அறிமுகமானபோது பறக்கவில்லை, தாவினார். ஒரே தாவலில் ஏறக்குறைய 200 மீட்டர். பறக்கும் வரம் பிறகுதான் வந்தது. எல்லை இருந்தால்தான் வாசகனுக்கு வேலை இருக்கிறது. என்ன செய்தாலும் சாகாத, எந்தச் சுவரும் தடுக்காத இன்றைய நாயகர்களோடு எனக்கு ஒட்டவே இல்லை.

இவ்வளவு பேசிய நாங்கள் ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை: இதை வரைந்தது யார்? கேட்டிருந்தாலும் புத்தகத்தில் பதில் இருந்திருக்காது. நாங்கள் படித்தது மொழிபெயர்ப்பு. லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் வெளியிட்ட மூல வார இதழ்களிலேயே எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் போடும் வழக்கம் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு சரி. நாயகனின் கையாவது தெரிந்தது. அவனைப் படைத்தவர்கள் முழுசாகவே மறைக்கப்பட்டிருந்தார்கள்.

இன்று தெரியும். ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் 1962 அக்டோபர் 6 அன்று அந்தத் தொடர் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர், அடுத்து டாம் டல்லி. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர். ஸ்பெயின் ஓவியர்கள் பலர் அப்போது ஏஜென்சிகள் மூலம் பிரிட்டிஷ் வார இதழ்களுக்கு வரைந்து கொடுத்துப் பிழைத்தார்கள். பிளாஸ்கோவின் உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், குடும்பமாகவே உழைத்தார்கள். மூலத்தில் மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட உதவியாளனான அவன் விபத்தில் கை இழந்து, இரும்புக்கை பெற்று, மற்றொரு விபத்தில் மாயமாகிறான். முதலில் அவன் நல்லவனும் இல்லை. கிடைத்த சக்தி அவனைத் தீய வழியில்தான் இழுக்கிறது. நிழற்படை என்ற உளவு அமைப்பின் உளவாளி ஆனதெல்லாம் பிற்பாடு.

இல்லாத மனிதனை எப்படி வரைவது? பிளாஸ்கோவின் பக்கங்களை இப்போது நிதானமாகப் பார்க்கும்போதுதான் அந்தச் சிரமம் புரிகிறது. கட்டத்தில் கை மட்டும் இருக்கும். ஆனால் அது இருக்கும் உயரமும் சாய்வும் விரல்கள் பிடித்திருக்கும் விதமும் சேர்ந்து, தோள் எங்கே, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நமக்குச் சொல்லிவிடும். மீதி உடம்பை வாசகன் போட்டுக்கொள்வான். கறுப்பு மை அவ்வளவு ஆழமாக இருக்கும். நிழலுக்குள்ளிருந்து அந்த உலோகம் மின்னும். இதற்கு வண்ணம் பூசலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்பைடரின் கதை இன்னும் மனத்தை உறுத்துவது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்ததும் எங்கள் தெருவே ஸ்பைடர் பக்கம் சாய்ந்தது. கூர்மண்டை, வலைத் துப்பாக்கி, வானில் பாயும் ஹெலிகார். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்பிப் பிறகு நல்லவனான ஆள். 1965இல் டெட் கோவன் தொடங்கிய அந்தத் தொடரை அடுத்து எழுதியவர் ஜெர்ரி சீகல். அவரேதான் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். கிளீவ்லாந்து நகரத்துப் பையன்களான சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1947இல் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். வேலையும் போயிற்று, கதைக்கு மேலே இருந்த பெயரும் போயிற்று. 1975இல் சீகல் பொதுவெளியில் முறையிட்ட பிறகுதான் ஆண்டு உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. இதற்கு நடுவே, பெயர் போடாத ஒரு லண்டன் வார இதழுக்கு அவர் எழுதிய ஸ்பைடர்தான் சிவகாசியில் தமிழ் பேசி எங்கள் கைக்கு வந்தான். உலகத்துக்கே பறக்கும் மனிதனைத் தந்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. பிரிட்டனில் ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய தொடர்களின் உரிமையை வாங்கி, 2021இல் இரும்புக்கைக் கதையை நூலாகக் கொண்டுவந்தது. புல்மர், டல்லி, பிளாஸ்கோ ஆகியோரின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அதற்கு முன்பே ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ வந்தது. மாயாவி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி என நம் பழைய ஆட்களெல்லாம் அதில் வருகிறார்கள். அந்த நாயகர்களை அரசாங்கமே பிடித்து அடைத்து, மக்கள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது என்பது கதை. படித்த அன்று தூக்கம் வரவில்லை.

தமிழில் 2012க்குப் பிறகு லயனும் முத்துவும் புதுத் தெம்போடு வருகின்றன. பெரிய அளவு, வழவழத் தாள், முழு வண்ணம். லார்கோ வின்ச், தோர்கல் போன்றோரின் கதைகளில் ஓவியர் பெயரும் கதாசிரியர் பெயரும் அச்சாகி வருகின்றன. கிராபிக் நாவல் என்ற சொல்லும் நம் வாசகர்களுக்குப் பழகிவிட்டது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் சென்னைப் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்கின் முன் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மறுபதிப்பு வந்தால் வாங்குகிறோம், சந்தா கட்டுகிறோம், அலமாரியில் அடுக்குகிறோம். பத்து வயதுக் குழந்தை ஒன்று தானாக வந்து கேட்டு வாங்குவது அபூர்வமாகிவிட்டது. படைத்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்த காலத்தில் சின்ன வாசகர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். பழையவர்களுக்கான சேகரிப்பாக மட்டும் இது முடிந்துவிடக் கூடாது. அலமாரியில் புத்தகத்தைப் பூட்டி வைக்கும் நண்பர்களோடு எனக்குச் சண்டையே இதுதான்.

என் தங்கை மகனுக்கு நான் மாயாவியைக் கொடுத்தேன். “மாமா, இவருக்கு சார்ஜ் தீர்ந்தா அவ்ளோதானா?” என்று கேட்டான். அவ்வளவுதான் என்றேன். அப்படியானால் பவர் பேங்க் வைத்துக்கொள்ளலாமே என்றான். அன்று இரவு சாப்பாட்டு நேரம் முழுக்க அவனும் அவன் அம்மாவும் அதைப் பற்றித்தான் வாதாடினார்கள். அடுத்த வாரம் ஸ்பைடரைக் கொடுக்கப்போகிறேன். முதல் பக்கத்தில், பென்சிலால், கோவன், சீகல், ரெக் பன் என்று மூன்று பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன். ரெக் பன் அதை வரைந்தவர்.