காரா, வீடா?

கோயம்புத்தூர் மாவட்டம் கருமத்தம்பட்டியில் விசைத்தறி நடத்துபவர் கையில் 5 லட்சம் இருக்கிறது. 25 லட்ச ரூபாய் கார் எடுக்கலாமா, வீடு கட்டலாமா?

ஐந்தாம் ஆண்டில் இவற்றில் எது பாதியாகும்? கார்தான். வாகனக் காப்பீட்டின் தேய்மான அட்டவணை முதல் 6 மாதத்துக்குள்ளேயே விலையில் 5 சதவீதத்தைக் கழிக்கிறது. 4 ஆண்டு தாண்டினால் 50 சதவீதம். மீதி 20 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 32,200 ரூபாய். அதே தொகை வீட்டுக் கடனாக, 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு என்றால் சுமார் 17,400. மொத்த வட்டி 21 லட்சத்தைத் தாண்டும், உண்மைதான். ஆனால் கட்டடம் பழசானாலும் அடிமனை தேயாது.

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் பெரும்பாலான தறிகள் கூலிக்கு ஓடுபவை. நூல் கொடுப்பவர் ஜவுளி உற்பத்தியாளர். கூலி உயர்வுப் பேச்சு இழுத்தால் தறி நிற்கும். 2025 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏப்ரலிலும் நீடித்தது. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. ஆகவே காருக்கும் வீட்டுக்கும் முன்னால் நிற்பது ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு.

அப்படியானால் கோயம்புத்தூர்க்காரர் கார் ஆசையையே விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் காரையே உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! அரசு உரிமம் கிடைக்காமல் உற்பத்தி நின்றது, பெரிய இழப்பு. இன்று ஆசைப்படுபவருக்கு 4 ஆண்டு ஓடிய கார் போதும். பாதி விலை அளவுக்கான தேய்மானத்தை முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார்.