லெஃப்ட்ல பாருங்க சார்!

ஊட்டியிலிருந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கழுத்து இன்னும் இடது பக்கம் திரும்ப மறுக்கிறது. “தலையணை சரியில்லாம இருந்திருக்கும்” என்றார் டாக்டர். “இல்லை டாக்டர், வேனில் சைட் சீயிங் போனேன்” என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரும் போனவர்தான் போலிருக்கிறது. பேசாமல் தைலம் எழுதிக் கொடுத்தார். தைலமா? வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது கழுத்தைப் பற்றியும் அல்ல, தைலத்தைப் பற்றியும் அல்ல. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்களைப் பற்றி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவருடைய அரண்மனையில் பிரித்தெடுத்த மரம்தான் முப்பது வருஷம் கழித்து இந்தத் தேவாலயத்தின் கூரையைத் தாங்க வந்தது. 1829-ல் அடிக்கல், 1830-ல் பிரதிஷ்டை. ரயில் கிடையாது, லாரி கிடையாது. அவ்வளவு பெரிய மரம் ஏழாயிரம் அடிக்கு மேல் எப்படி ஏறியது? அருமையான விஷயம். சொல்கிறேன். அதற்கு முன்னால் வேனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டால்தான் மனசு ஆறும்.

லாட்ஜ் கவுண்டரில் ஓர் அட்டையை நீட்டினார்கள். ஊட்டி-குன்னூர் ஒரு நாள் பேக்கேஜ், கைடு உண்டு, பன்னிரண்டு பாயிண்ட். பிறகு எண்ணிப் பார்த்தபோது மத்தியானச் சாப்பாடும் அதில் ஒரு பாயிண்ட். காலை எட்டரைக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். ஒன்பதரைக்கு வேன் வந்தது. வந்து, ஊரில் உள்ள லாட்ஜ் ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று ஆள் ஏற்றியது. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, காதை மூடிய குரங்குக் குல்லாவோடு ஒரு கும்பகோணத்து மாமா. கைடு என்று தனியாக யாரும் இல்லை, டிரைவர்தான் கைடு. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மைக். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிப்பது எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்கள் தெரியாமலிருப்பதே நல்லது.

எனக்கு வலது ஜன்னல் கிடைத்தது. ஜன்னலே கிடைத்துவிட்டதென்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். நீலகிரி மாவட்டத்தின் சரித்திரம் மொத்தமும் இடது பக்கத்தில் நடந்திருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

“சார், லெஃப்ட்ல பாருங்க, ஊட்டியிலேயே முதல் பங்களா!” எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்பின. நான் எழுந்து, குனிந்து, திருப்பூர்க்காரர் குல்லாவுக்கும் அவர் சம்சாரத்தின் கொண்டைக்கும் நடுவே எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு மதில் சுவரும் ஒரு பேக்கரியும் போய்க்கொண்டிருந்தன. பங்களா போயே போய்விட்டது. அதுதான் கல் பங்களா. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்தார், குளிர் பிடித்துப்போனது, 1820களின் தொடக்கத்தில் இந்த வீட்டைக் கட்டினார். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஊட்டி ஏரியும் அவர் செய்த வேலை. ஊரையே உண்டாக்கிய மனிதருக்கு வேன் கொடுத்தது மூன்று விநாடி.

“லெஃப்ட்ல பாருங்க, ஊட்டி கிளப்!” ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளை 1882-ல் எழுதி ஒட்டியதாகச் சொல்கிறார்களே, அந்த கிளப். எழுதியவர் நெவில் சேம்பர்லைன். பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரானவர் இல்லை. அதே பெயர் கொண்ட பட்டாளத்துக்காரர். உலகம் முழுக்க டிவியில் பார்க்கிற ஆட்டத்துக்குச் சட்டம் எழுதிய இடத்தில் நான் கண்டது ஒரு செக்யூரிட்டியின் முதுகு.

“லெஃப்ட்ல பாருங்க, பழைய சர்ச்!” என் சர்ச்! என் திப்பு மரம்! மஞ்சள் பூசிய சுவரில் ஒரு முழம் கண்ணில் பட்டது. சல்லிவனின் மனைவியும் மகளும் அடங்கியிருப்பது அந்த வளாகத்தில்தான். “தம்பி, ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க” என்றேன். “அது பாயிண்ட் லிஸ்ட்ல இல்லீங்க சார்” என்றார் டிரைவர். லிஸ்டில் இல்லாததை எதற்குக் காட்டினார் என்று கேட்கலாம். நான் கேட்டேன். “ஃப்ரீ சார்” என்றார்.

அந்த மரம் எப்படி மலையேறியது என்றால்... இருங்கள், வண்டி குன்னூர் ரோட்டில் திரும்புகிறது. இதை முடித்துவிடுகிறேன்.

இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று மாமாவைக் கேட்டேன். “எனக்கு மூட்டு வலி சார், இந்தப் பக்கம்தான் கால் நீட்ட முடியறது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். ஊர் சரித்திரம் முழுவதையும் தன் ஜன்னலுக்கு வெளியே ஓடவிட்டு ஒரு மனுஷன் குறட்டை விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் வெலிங்டன் வரைக்கும் பார்த்தேன்.

“லெஃப்ட்ல பாருங்க, கேத்தி பள்ளத்தாக்கு!” மாமாவின் குல்லா. “லெஃப்ட்ல பாருங்க, டாய் ட்ரெயின்!” சத்தம் மட்டும் வந்தது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் வந்த ரயில். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்து, அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 46 கிலோமீட்டர், 16 குகை. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லிவிட்டது. எனக்கு அது ஒரு கூவல், கொஞ்சம் புகை. “லெஃப்ட்ல பாருங்க, மிலிட்டரி ஏரியா!” 1971 போரை நடத்திய மானெக்‌ஷா ஓய்வுக்காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அவருடைய ஊரில் எனக்குக் காணக் கிடைத்தது, திருப்பூர்ப் பையன் கண்ணாடியில் வாயால் ஊதி விரலால் வரைந்த மீன்.

நடுவில் ஒரே ஓர் இடத்தில் வேன் வேகம் குறைந்தது. “லெஃப்ட்ல பாருங்க, அந்தப் பக்கம் கேத்தி ஸ்டேஷன், ‘மூன்றாம் பிறை’ கிளைமாக்ஸ் எடுத்த இடம்!” படம் வந்தது 1982-ல். வேனே ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தது. மாமா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். சல்லிவனும் ஒரு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் குட்டிக்கரணம் அடித்திருந்தால் அவருக்கும் ஒரு நிமிஷம் கிடைத்திருக்கும்.

திரும்பும்போது விடக் கூடாது என்று, குன்னூரில் எல்லோரும் சிம்ஸ் பூங்காவுக்குள் போனதும் நான் முன்னாலேயே வந்து இடது ஜன்னலில் துண்டைப் போட்டுவிட்டேன். 1874-ல் போட்ட அந்தப் பூங்காவில் எனக்குக் கிடைத்த பாக்கியம் வாசல் கேட் மட்டும்தான், போகட்டும். இடது ஜன்னல் கைக்கு வந்துவிட்டது. வேன் கிளம்பியது. டிரைவர் மைக்கை எடுத்தார். “சார், ரைட்ல பாருங்க!”

வந்த வழியே திரும்பினால் இடது வலதாகும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இயற்கையின் இந்த ஓரவஞ்சனையை அறுபது வயதுக்காரன் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

என் தங்கை மகன் எடின்பரோவில் இருக்கிறான். அங்கேயும் இப்படி ஒரு நாள் டூர் போவானாம். சின்ன பஸ், பாவாடை கட்டிய கைடு, நாள் முழுக்க வாய் ஓயாத பேச்சு. கிளென்கோ என்று ஒரு பள்ளத்தாக்கு. 1692-ல் விருந்தாளியாக வந்து தங்கிய பட்டாளத்தார், சோறு போட்ட வீட்டுக்காரர்களையே விடியற்காலையில் வெட்டிய இடம். அங்கே நிறுத்தி, கதை சொல்லி, ஜனங்களைக் கண் கலங்க வைத்து அனுப்புவார்களாம். லாக் நெஸ் என்று ஓர் ஏரி. அதில் இல்லாத ஒரு பிராணியைக் காட்டியே காசு பார்க்கிறார்கள். 1934-ல் வந்த அதன் பிரபலமான போட்டோ மோசடி என்று தெரிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. இல்லாததை அவர்கள் விற்கிறார்கள். இருப்பதை நாம் மூன்று விநாடியில் தாண்டுகிறோம். இத்தனைக்கும் அன்றைய வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877-ல் ஊட்டிக்கு வந்துவிட்டு, ஸ்காட்லாந்து ஓடையெல்லாம் இங்கேயே இருக்கிறது என்று மனைவிக்கு எழுதினார். இங்கத்திய சேற்றைக்கூட விடாமல் புகழ்ந்தார். சேற்றைப் புகழ அவருக்கு நேரம் இருந்தது. பேக்கேஜில் வந்திருக்க மாட்டார்.

இனி வேன் நின்ற இடங்கள். தொட்டபெட்டா, 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. ஏறினோம். மூடுபனி. டெலஸ்கோப்பில் பார்த்தோம். மூடுபனி பெரிதாகத் தெரிந்தது. 1860களில் இந்தச் சரிவுகளில்தான் சிங்கோனா மரம் நட்டுக் காய்ச்சலுக்குக் கொய்னா எடுக்க ஏற்பாடு செய்தார்கள் என்பது எந்தப் பாயிண்டிலும் வரவில்லை. லாம்ஸ் ராக்: மூடுபனி. டால்பின் நோஸ்: எதிரில் கேத்தரின் அருவி கொட்டுகிறது என்றார்கள், நம்பினோம். மூன்று இடத்திலும் எடுத்த போட்டோக்கள் கலந்துவிட்டன. எது எந்தப் பாயிண்ட் என்று மனைவி சேலையின் மேல் சிந்திய சட்னியை வைத்துத்தான் பிரித்தோம்.

“பத்தே நிமிஷம் சார், ட்ராஃபிக் ஆயிரும்” என்று ஒவ்வோர் இடத்திலும் விரட்டினார் டிரைவர். அதுவும் பொய்யில்லை. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே முதல் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நாளைக்கு ஆறாயிரம் வண்டி, சனி ஞாயிறில் எட்டாயிரம் என்று உச்சவரம்பும் வந்தது. அந்த வரம்புக்குள் வந்த அத்தனை வண்டியும் எனக்கு முன்னால்தான் நின்றது.

ஆனால் டீ ஃபேக்டரியில் பத்து நிமிஷம் என்ற பேச்சே இல்லை. “வாங்கலைன்னாலும் பரவால்ல சார், மெதுவா பாத்துட்டு வாங்க.” அந்த ‘மெதுவா’ என்ற சொல் தைலக் கடையிலும் சாக்லேட் கடையிலும் மறுபடி காதில் விழுந்தது. இலையை வாட்டுவது, நசுக்குவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது, சலிப்பது எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க, உள்ளே போனால் எட்டுத் திருப்பம் திரும்பித்தான் வெளியே வரக்கூடிய கடை. சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு காகிதக் கப்பில் ஏலக்காய் டீ கொடுத்தார்கள். அதைக் குடித்த நன்றிக்கடனுக்கு மனைவி இரண்டு கிலோ தூள் வாங்கினாள். தைலமும் அப்படித்தான்: புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்தார்கள், பை நிறைய வந்தது.

ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். அதற்குக் கட்டுபடியான விலை கேட்டு இதே மலையின் சிறு விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இதையாவது மைக்கில் சொல்லலாம். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் இலங்கையில் கண்டிப் பக்கம் லூல்கந்துராவில் தேயிலை போட்டதிலிருந்து, நம் ஜனங்கள்தான் அக்கரைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளினார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்காக, 1968-ல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று தோட்ட ஓரத்தில் வேன் நிற்கிறது. வாடகைக்குக் கூடையும் முக்காடும் மாட்டிக்கொண்டு புதுப்பெண் போட்டோ எடுத்துக்கொள்கிறாள். அரை ஃபர்லாங் தள்ளி நிஜமாகவே கொழுந்து கிள்ளுகிற அம்மாவை யாரும் லெஃப்டிலும் பார்க்கவில்லை, ரைட்டிலும் பார்க்கவில்லை.

டிரைவர் தம்பியைக் குறை சொல்லவில்லை. சரித்திரத்துக்குக் கமிஷன் கிடையாது, தைலத்துக்கு உண்டு. அந்தச் சர்ச் வாசலில் யாராவது ஒரு வர்க்கிக் கடை வைத்தால் நாளைக்கே அதுவும் பாயிண்ட் ஆகிவிடும், “மெதுவா பாருங்க சார்” என்பார்கள்.

வர்க்கி என்றதும் ஞாபகம் வருகிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மலையிலிருந்து காசு கொடுத்து வாங்கி வர அதுவே போதும். வேன் நிற்காத கடையாகப் பார்த்து வாங்குங்கள்.