வரிசையில் நிற்கும் சந்தாதாரனின் விக்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ இணையச் சேவை நிறுவனத்தார் சமூகத்திற்கு, மாதந்தவறாமல் சந்தா செலுத்திவரும் அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது:

தாங்கள் விளம்பரத்தில் வாக்களித்தவாறே விநாடிக்கு 100 மெகாபிட் வேகம் எங்கள் இல்லத்தை வந்தடைகிறது என்பதை முதற்கண் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், என் புத்திரன் கல்யாண வீடியோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கிய மாத்திரத்தில், அடுத்த அறையிலிருந்து வீடியோ அழைப்பில் வைத்தியரிடம் முழங்கால் வலியைப் பற்றி விசாரிக்கும் என் தாயாரின் கேள்வி, அந்த வைத்தியர் மருந்துச் சீட்டையே எழுதி முடித்த பிறகுதான் அவர் செவியை எட்டுகிறது. இதைத் தங்கள் சேவை மையத்தில் முறையிட்டபோது, 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறிவிடும்படி அருளிச்செய்தார்கள். தாமதத்தைக் குறைக்கும்படி யாசித்தவனுக்கு வேகத்தை இருமடங்காக விற்க முன்வந்த அந்தத் தயாள குணத்தை என்னென்பேன்!

இந்த வியாதிக்குப் பெயரும் மருந்தும் இல்லாத காலமன்று இது. உடனே அனுப்ப இயலாத தரவைக் கைவிட மனமின்றிக் கருவிகள் தம் நினைவகத்தில் குவித்து வைப்பதால் விளையும் தாமதத்துக்கு, ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010ஆம் ஆண்டு வாக்கிலேயே ‘பஃபர்ப்ளோட்’ என்று நாமகரணம் செய்துவிட்டார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்னும் பரிகாரத்தை வெளியிட்டார்கள். ஒவ்வோர் ஓட்டத்தையும் தனித்தனியே வரிசைப்படுத்தும் முறையை அதனோடு இணைத்த ‘எஃப்க்யூ-கோடெல்’ லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்லோடு வேகத்தை, மெய்யாகக் கிடைப்பதில் சுமார் 90 சதவீதத்தோடு ரவுட்டரிலேயே நிறுத்திவிட்டால், நெரிசல் நம் கைக்கு எட்டாத இடத்தில் உண்டாகாமல் நம் கண்ணெதிரே உண்டாகும். அங்கே குரலுக்கும் வீடியோ அழைப்புக்கும் முன்னுரிமை கொடுத்து, கல்யாண வீடியோக்களைச் சற்றே காத்திருக்கச் செய்யலாம்.

இத்தகைய அமைப்பு தாங்கள் தந்தருளிய பெட்டியில் இருக்கிறதா இல்லையா என்பது பரம ரகசியம். அதன் நிர்வாகக் கடவுச்சொல் தங்கள் வசமே இருக்கிறது. எல்லாத் தரவையும் பேதமின்றி நடத்தவேண்டும் என்ற இணையச் சமநிலை நெறியை இந்திய அரசு 2018இல் ஏற்றதை நான் அறிவேன். ஆனால் அது தங்கள் கம்பிக்கு வகுத்த தர்மமேயன்றி, எங்கள் வீட்டுக்குள் எவர் பேச்சு முந்தவேண்டும் என்பதற்கன்று; அந்த அதிகாரம் அநாதி காலந்தொட்டு இல்லத்தரசியைச் சேர்ந்தது.

வைஃபை எக்ஸ்டெண்டர் வைபவத்தையும் கூறாதிருக்க இயலவில்லை. தங்கள் ஊழியர் அதனைச் சமிக்ஞை அறவே எட்டாத பின்கட்டு அறையில் மாட்டி, “இனி எல்லாக் கோடும் நிற்கும்” என்று ஆசீர்வதித்துச் சென்றார். கோடுகள் நின்றன, கூடவே தரவும் நின்றது. அக்கோடுகள் கைப்பேசிக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள சிநேகத்தைக் காட்டுவனவேயன்றி, எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் உள்ள உறவைக் காட்டுவன அல்ல. சமிக்ஞை இன்னும் திடமாக இருக்கும் நடுக்கூடத்தில் அதை வைக்கவேண்டும் என்பதும், ஒரே அலைவரிசையில் வாங்கவும் வழங்கவும் செய்யும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதும், ஈதர்நெட் கேபிள் இழுத்துவிட்டால் அந்த நஷ்டம் தீரும் என்பதும், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதும் தங்கள் சமூகம் அறியாதன அல்லவே!

ஆகவே, கடவுச்சொல்லை அளிக்கவும், இயலாதாயின் முன்னுரிமை அமைப்பைத் தாங்களே ஏற்படுத்தித் தரவும், எக்ஸ்டெண்டரைக் கூடத்துக்கு இடம் மாற்றித் தரவும் பிரார்த்திக்கிறேன். தங்கள் சேவை மையத்தை அழைக்கும் போதெல்லாம், “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், வரிசையில் காத்திருக்கவும்” என்னும் குரல் மட்டும் விக்கலோ விக்கினமோ இன்றித் தெள்ளத்தெளிவாகக் கேட்கிறது. அக்குரலுக்கு வாய்த்த முன்னுரிமையில் கால் பங்கேனும் எங்கள் குடும்பத்துக்கும் வாய்க்குமாறு கிருபை கூர்ந்தால் போதும்.

இங்ஙனம்,
இன்னமும் வரிசையிலேயே நிற்கும்
தங்கள் விசுவாசமுள்ள சந்தாதாரன்