நவாபின் பிரஸ் ரிலீஸும் தேசிங்கின் ஃபேன்ஸும்

1714. செஞ்சிக்கோட்டையில் ஓர் இளவட்டம். பெயர் தேஜ் சிங், வயசு 22. அப்பா சொரூப் சிங் கண்ணை மூடும்போது விட்டுப்போனது மூன்று மலைகளும் ஒரு கப்ப பாக்கியும். பாக்கி 70 லட்சம் என்றது ஆற்காட்டு நவாப் தரப்பு. "டெல்லி பாதுஷா கொடுத்த கோட்டை இது, நடுவில் நீர் யார்?" என்றது பையன் தரப்பு. ஆக, நம் வீர காவியம் அடிப்படையில் ஒரு ரெவின்யூ கேஸ்!

நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். ஆற்றில் வெள்ளம். வடியட்டும் என்று எந்தக் கிழவியும் சொல்லியிருப்பாள். நம்மாள் குதிரையோடு இறங்கிவிட்டார். அக்கரையில் திரும்பிப் பார்த்தால், படையில் பெரும்பாலோர் இக்கரையிலேயே நிற்கிறார்கள். அக்டோபர் 3, கதை முடிந்தது. மொத்த ஆட்சி சுமார் பத்து மாதம்.

ஜெயித்தவருக்குச் சரித்திரம் வேண்டாமா? நவாபின் தர்பாரில் இருந்த ஜஸ்வந்த் ராய் என்ற முன்ஷி பாரசீகத்தில் 'சயீத் நாமா' எழுதினார். நவாபின் இயற்பெயர் முகமது சயீத். சம்பளம் கொடுப்பவரே ஹீரோ என்றால் விமர்சனம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லணுமா? எல்லாம் பக்கா. ஒரே ஒரு குறை: செஞ்சிச் சந்தையில் ஒருத்தருக்கும் பாரசீகம் தெரியாது.

அங்கேதான் புகுந்தார் தெருப் பாடகர். எடிட்டர் இல்லை, சென்சார் இல்லை, தர்பார் அனுமதி இல்லை. வரி பாக்கி பின்னுக்குப் போனது. குதிரை முன்னுக்கு வந்தது. உயிர்த்தோழன் மகபத் கான் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு ஓடிவந்தான். தேஜ் சிங் தேசிங்கு ராஜாவானான். யுத்தத்தில் ஜெயித்த நவாப், பாட்டில் வில்லனாகிவிட்டார்.

பக்கத்துச் சிங்கவரத்துக்குப் போனால் இன்னும் விசேஷம். குடைவரையில் சயனித்திருக்கும் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். 'போருக்குப் போகாதே' என்ற பேச்சைத் தேசிங்கு கேட்கவில்லையாம், அந்தக் கோபமாம். குடைவரையோ பல்லவர் காலத்தது. பெருமாள் ஆயிரம் வருஷம் முன்கூட்டியே கோபித்துக்கொண்டார்! பழைய படத்துக்குப் புதுக் கேப்ஷன் போடும் கலைக்கு வாட்ஸப் வரைக்கும் காத்திருக்கவில்லை நம் முன்னோர்.

அப்புறம் பெரிய எழுத்துப் புத்தகம், அப்புறம் சினிமா. 1960-இல் 'ராஜா தேசிங்கு' வந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 43. படத்தில் இரட்டை வேடம். ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது.

இருந்தாலும் 'அதிகாரபூர்வ' சரித்திரம் என்று ஒன்று பாடப்புத்தகத்திலும் பேப்பரிலும் ரேடியோவிலும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பிடிக்கவில்லையா? ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அதைப் போடுவதா, போண்டா மடிப்பதா என்பது ஆசிரியர் இஷ்டம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. பழைய காலமாக இருந்தால் ஒரு நாள் தலைப்புச் செய்தி, மறுநாள் பொட்டலம். இப்போது ஆளுக்கொரு போன். 'மராட்டியர் இருந்ததே 1677 முதல் 1698 வரைதான்! முதலில் கட்டியது ஆனந்தக் கோன்!' என்று கிளம்பியது குரல். எந்த ஆசிரியரையும் கேட்காமல் எட்டு நூற்றாண்டு பின்னால் போய்விட்டார்கள்.

சபாஷ். ஆனால் மராட்டியர் வெளியூர் என்றால், நாம் உருகும் தேசிங்கு மட்டும் என்ன திண்டிவனமா? பந்தேல ராஜபுத்திரர் ஐயா அவர்.

சரி, ஆடு மேய்க்கப் போய்ப் புதையல் எடுத்துக் கோட்டை கட்டிய ஆனந்தக் கோன் கதை எங்கிருந்து வந்தது? 1800-களின் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சரித்திரத்திலிருந்து. அவரை எழுதச் சொன்னவர்? மெக்லியாட் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி துரை!